கருநிறங்களை அளப்பதில் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்குப் பட்டுப்புடவைப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் எனக்கு, அரக்கும் கருநீலமும் கரும்பச்சையும் மானிட்டரில் பிசகாமல் தெரிய வேண்டும். கருநீலம் என்று படத்தில் பார்த்து வாங்கிய புடவை கறுப்பாக வந்து சேர்ந்தால், அது கடைக்கே திரும்பிவிடும். ஆகவே திரையின் நிறத்தையும் ஒளியையும் அளக்கும் எக்ஸ்-ரைட் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ கலரிமீட்டரை, மிக இருண்ட நிறங்களில் அது தரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

திரையின் வெள்ளையைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவில் (ஒளியின் அலகு) நிறுத்தினால், 1000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) உள்ள மானிட்டரின் கறுப்பு சதுர மீட்டருக்கு 0.12 கேண்டெலாதான். ஒளியைத் துடிப்புகளாக மாற்றி எண்ணும் இக்கருவிக்கு அந்த இருட்டில் துடிப்புகள் அரிதாகவே கிடைப்பதால், நீண்ட நேரம் எண்ணினால்தான் அளவு நிலைக்கும். கருவியை இயக்கும் ஆர்கில் மென்பொருள் அந்த நேரத்தைத் தானாகவே நீட்டிக்கிறது. அவசரத்துக்காக அதை நிறுத்திவிடக் கூடாது. திரையில் காட்டும் ஒரே நிறக் கட்டத்தை நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் தற்செயலான அலைவு பாதியாகக் குறையும்.

ஆனால் உள்ளே கசியும் வெளி ஒளியை எந்தச் சராசரியும் நீக்காது. 0.03 கேண்டெலா கசிந்தால் வெள்ளையில் அது தெரியவே தெரியாது, 0.12 கறுப்பிலோ அது கால் பங்குப் பிழை. எனவே திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கேபிளில் உள்ள எடையைப் பின்புறம் தொங்கவிட்டு, கருவியின் முகம் முழுவதும் திரையில் படியும்படி வைக்க வேண்டும். எதிர்க்கடைகளின் எல்இடி பெயர்ப்பலகைகள் அணைந்த பிறகே நான் அளவைத் தொடங்குகிறேன். அறை விளக்கையும் அணைத்துவிடுகிறேன். இந்த ஒழுங்கு தரும் பலனை வேறெந்த அமைப்பிலும் நான் கண்டதில்லை.

மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் மறுபடியும் காத்திருக்கத்தான் வேண்டும். காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் மின்சேமிப்பையும் அணைத்துவிட வேண்டும். கருவியின் அளவைத் திரைக்கேற்பச் சரிசெய்யும் திருத்தக் கோப்பை, பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) வகைக்குப் பொருந்தாததாகத் தேர்ந்தெடுத்தால், இருட்டில் மட்டுமல்லாமல் எல்லா நிறங்களிலுமே சாயல் தவறும்.

இவ்வளவும் செய்த பிறகு, கறுப்பின் ஒளி அளவை இக்கருவி நம்பும்படியாகவே தருகிறது. இதே வேலையில், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் பல ஸ்பெக்ட்ரோமீட்டர்களைவிட இது அலைவு குறைந்தது. சாயலைப் பற்றி அதே உறுதியுடன் சொல்ல மாட்டேன். மூன்று சென்சார் அளவுகளும் மிகச் சிறியவையாக இருக்கும்போது, ஒன்றில் நேரும் நூலளவு மாற்றமும் கறுப்பைப் பச்சையாகவோ சிவப்பாகவோ காட்டிவிடும். அந்த எண்ணை நம்பிக் கறுப்பின் சாயலை முழுவதும் திருத்தச் சொன்னால், எல்சிடி திரையில் கறுப்பு வெளுத்துக் கான்ட்ராஸ்ட் குறையும். அதனால் ஆர்கிலைக் கொண்டு இயங்கும் டிஸ்ப்ளேகால் மென்பொருளில் கறுப்புத் திருத்தத்தைச் சுழியத்தில் வைத்தே வேலை செய்கிறேன். புடவைப் படங்களுக்கு இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 3000:1 கான்ட்ராஸ்ட் உள்ள விஏ வகை எல்சிடி பேனல் வைத்திருப்போர் மட்டும், கறுப்பு 0.04 வரை இறங்குவதால், கடைசிச் சில கட்டங்களை இன்னும் பொறுமையாக, பல முறை அளக்க வேண்டும்.