"நாட்டு மீன் செட்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் ஒருவருக்கு 2 அடி மீன் தொட்டியோடு சேர்த்து "நாட்டு மீன் செட்" என்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடையின் பெயர் வேண்டாம். இதே செட்டைக் கொஞ்சம் மாற்றி விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பில்லில் இருப்பவை: மிஸ் கேரளா 6, கலர் கண்ணாடி மீன் 6, செல்லக்காசு 4, "ரெட் விரால்" குஞ்சு 4, கெளுத்தி 2, சக்கர் (வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீன்) 1. மொத்தம் 23 உருப்படி. "எல்லாம் நம்ம ஊர் மீன் சார், நம்ம தண்ணிக்குப் பழகினது, சாகவே சாகாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் விரால், கெளுத்தி, சக்கர் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, "நீங்க தீனி ஜாஸ்தி போட்டிருப்பீங்க" என்றார்களாம்.

தீனி ஜாஸ்தியாகவே இருக்கட்டும். இந்தப் பில்லில் அதற்கு முன்பே எல்லாம் கெட்டிருக்கிறது.

முதல் ஏமாற்று தொட்டிக் கணக்கிலேயே. 24 x 12 x 12 அங்குலத் தொட்டியை "60 லிட்டர்" என்று விற்கிறார்கள். விளிம்பு வரை நிரப்பினாலே 56தான் வரும். அடியில் 2 அங்குலம் மணல் போட்டு மேலே 2 அங்குலம் காலி விட்டால், மீன் நீந்துவதற்குக் கிடைப்பது 38 லிட்டர். இதில் 23 மீன்.

மிஸ் கேரளா நாட்டு மீன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கேரளத்து மலையாறுகளில், ஓடிக்கொண்டே இருக்கும் குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது. 22 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். மே மாதம் மாடிவீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தொடும்போது அது 7.3 ஆகக் குறைகிறது, மீனின் தேவையோ அதே சூட்டில் கூடுகிறது. கூட்டமாக வாழும் மீன், 10 செ.மீ.க்கு மேல் வளரும். 4 அடி தொட்டியும் நல்ல நீரோட்டமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் இருக்கும் மீன் வேறு.

கலர் கண்ணாடி மீன் இதைவிட மோசம். கண்ணாடி மீனுக்குச் சொந்த நிறம் கிடையாது, முள்ளும் குடலும் வெளியே தெரியும். முதுகோரம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கோடு மின்னினால் அது ஊசியால் ஏற்றிய சாயம். நாளாக ஆக வெளுத்துவிடும், குத்திய இடத்தில் நோய் பிடிக்கும். சாயம் ஏற்றாததைக் கேட்டு வாங்கினாலும் பக்கவாட்டில் நின்று வாயைப் பாருங்கள். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு உடம்பு நீளவாக்கில் இருந்தால் அது இன்னொரு வகை. மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் வழக்கம் அதற்கு உண்டு. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து கிடக்கும், கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது.

"ரெட் விரால்" என்று ஒரு தனி இனமே இல்லை. சாப்பாட்டுக்கு வாங்கும் விராலின் குஞ்சு சின்னதாக இருக்கும்போது ஆரஞ்சு சிவப்பாகத்தான் இருக்கும். வளர வளர நிறம் போய்விடும், அளவு 2 அடியைத் தொடும். அதன் வாய்க்குள் போகிற எதுவும் அதற்குத் தீனி. கெளுத்தியும் பகலில் ஓரமாகப் படுத்துக்கிடக்கும், விளக்கு அணைந்ததும் வேட்டைக்குக் கிளம்பும். காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும், பிணம்கூடக் கிடைக்காது. செல்லக்காசு நல்ல மீன், நம் ஊர் கடினத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் பாதித் தொட்டியைத் தன் பேரில் எழுதிக்கொண்டு மற்றவற்றை விரட்டும். வைப்பதென்றால் ஒரு ஜோடியை மட்டும் தனியாக வைக்கலாம். சக்கர் தென் அமெரிக்க மீன், நாட்டு மீன் செட்டில் அதற்கு என்ன வேலை?

இனி தண்ணீர். அன்றே தொட்டி, அன்றே மீன் என்று விற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7ஆக இருக்கும்போது உள்ள விஷ அம்மோனியா, 8ஆகும்போது கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. போர் தண்ணீர் பல வீடுகளில் 8ஐ ஒட்டியே இருக்கிறது. ஆன்டி-குளோரின் சொட்டு குளோரினை மட்டும்தான் எடுக்கும், அம்மோனியாவை எடுக்காது. கூடவே கடையில் கொடுக்கும் நீல மருந்தை ஊற்றினால் வளரப்போகும் பாக்டீரியாவும் அடிபடும். "வாரா வாரம் முழுத் தண்ணியையும் மாத்தி, ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாயில நல்லா கழுவுங்க" என்ற அறிவுரைக்கும் அதே பலன்தான். வாரம் கால்வாசி தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றவும் வேண்டாம். அதில் தாது உப்பு குறைவு, பி.எச். திடீரென்று சரியும்.

தொட்டிக்குள் போட வெள்ளைக் கல் வாங்கினால் இரண்டு கல்லை எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

அதே 2 அடி தொட்டிக்கு உருப்படியான கணக்கு: ஜீப்ரா டேனியோ (கோடு போட்ட சின்ன மீன்) 8, அயிரை 4. இரண்டும் இந்திய மீன், இரண்டும் 30 டிகிரியைத் தாங்கும், ஒன்று நடுவிலும் மேலேயும் திரியும், மற்றது மணலைக் கிளறும். அயிரைக்குக் கூரான கல் ஆகாது, நைஸ் மணல்தான் வேண்டும், புதைந்து கிடப்பதே அதன் பிழைப்பு. (குழம்புக்கு வரும் அதே அயிரைதான். உயிரோடு சந்தையில் கிடைத்தால் விலை மலிவு, ஆனால் ஒட்டுண்ணியோடு வரும், மூன்று வாரம் தனித் தொட்டியில் வைக்காமல் சேர்க்காதீர்கள்.) மூடி கட்டாயம், டேனியோ குதிக்கும். முதலில் நான்கு டேனியோவை மட்டும் விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

கடையில் நிற்கும்போது தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன், வயிறு ஒட்டிய மீன், மேலே வந்து வாயைப் பிளக்கும் மீன் எதுவும் வேண்டாம். பிடித்துவிட்டால் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த சரக்கில் சாகவேண்டியது அங்கேயே சாகட்டும். பில்லில் "நாட்டு மீன் செட்" என்று ஒரே வரியாக எழுத விடாமல் ஒவ்வொரு மீனின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இந்தச் செட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் விராலையும் கெளுத்தியையும் இன்றே பிரித்துவிடுங்கள். கெளுத்தியை வலையில் அள்ளினால் மார்புத் துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும், கிண்ணத்தில் மொண்டு எடுங்கள். சக்கரைக் கடைக்காரர் திருப்பி எடுக்காவிட்டாலும் ரெட்டேரியிலோ வேறு எந்த ஏரியிலோ கொண்டுபோய் விடக்கூடாது. அங்கே கரையைக் குடைந்து பெருகும், ஏரியில் வலை போடுகிறவர்களின் வலையும் அதன் முள்ளில் கிழியும்.