ஷூ கடிக்கு எது கைகொடுக்கும்: வாசலினா, டேப்பா, ஊசியா?

புது ரன்னிங் ஷூ போட்டு ஓடி, குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாசலின் தடவு என்பார் ஒருவர், டேப் ஒட்டு என்பார் இன்னொருவர், ஊசியால் குத்திவிடு என்பார் மற்றொருவர். மூன்றுமே பலிக்கும்தான். ஆனால் எந்த இடத்தில், எப்போது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தோல் மேலே தேய்வதால் கொப்புளம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளத்தின் கதை வேறு. வியர்வையில் நனைந்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். உள்ளிருக்கும் எலும்போ ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட தோலடுக்கு இழுபட்டு இழுபட்டு உள்ளேயே கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக, இந்த இழுவையை எது எவ்வளவு நேரத்துக்குக் குறைக்கிறது என்பதுதான் கேள்வி.

வாசலினை எடுத்துக்கொள்வோம். தடவிய உடனே வழுவழுப்பு கிடைக்கும், ஓட ஆரம்பிக்கும்போது சுகமாக இருக்கும். நேரம் போகப் போக அது சாக்ஸில் இறங்கிவிடும், தோலும் ஊறி மெத்தென்று ஆகிவிடும். இப்படிப்பட்ட பிசுக்குப் பொருள்கள் முதலில் உராய்வைக் குறைத்து, சில மணி நேரத்தில் பழைய அளவையும் தாண்டி ஏற்றிவிடுகின்றன என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் அரை மணி நேர ஓட்டத்துக்கு வாசலின் போதும். டேப் நிற்காத கால்விரல் இடுக்குகளுக்கும் அதுதான் வசதி. நீண்ட ஓட்டத்துக்கு அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

நீண்ட தூரத்துக்கு என் ஓட்டு பேப்பர் டேப்புக்குத்தான். காயக்கட்டு நழுவாமல் ஒட்டுவார்களே, அதே சாதாரண டேப். சுமார் 250 கிலோமீட்டரைப் பல நாள்களில் கடக்கும் அல்ட்ரா ஓட்டங்களில் 128 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். காலின் ஒரு பகுதியில் மட்டும் ஒட்டி, ஒட்டாத இடத்தோடு ஒப்பிட்டதில் கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. இதே குழுவின் முந்தைய ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் விலை குறைவு, தோலைப் பிய்க்காது, தவறாக ஒட்டினாலும் பெரிய சேதமில்லை. இவ்வளவு சாதகம் வேறு எதிலும் இல்லை.

ஒட்டுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கால் உலர்ந்திருக்க வேண்டும், வாசலின் தடவிய இடத்தில் ஒட்டவே ஒட்டாது. டேப் துண்டின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் சாக்ஸில் மாட்டிச் சுருளும். இழுத்துப் பிடிக்காமல் அப்படியே படியவைத்துக் கட்டைவிரலால் நீவிவிடுங்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளத்துக்கு வழி செய்துவிடும்.

வியர்வையை நிறுத்தும் வழியும் உண்டு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பயிற்சி மாணவர்கள் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பானைக் காலில் பூசிக்கொண்டு 21 கிலோமீட்டர் நடந்தார்கள். பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், வெறும் கரைசல் பூசியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. பாதிக்குப் பாதி குறைவு! ஆனால் பூசியவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சல். கொப்புளத்துக்குப் பதில் எரிச்சலை வாங்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பவுடரும் வேண்டாம், வியர்வை பட்டதும் திரிதிரியாகிவிடும்.

சாக்ஸ் விஷயத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓட்டத்துக்கு ஆகாது. செயற்கை இழை சாக்ஸோ, இரண்டடுக்கு சாக்ஸோ போடுங்கள். இரண்டடுக்கில் துணியும் துணியும் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் தோலுக்கு வரும் இழுவை குறைகிறது. குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கினால் ஷூவின் மேல்கோடியில் சும்மா கிடக்கும் கடைசித் துளையிலும் லேஸைக் கோத்து, வளையம் போட்டு இறுக்குங்கள். காசு செலவில்லாத இந்த வழியைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

கொப்புளம் வந்தேவிட்டால்? சிறியதாக, வலிக்காமல் இருந்தால் தொடாதீர்கள். மேல்தோலை விட நல்ல கட்டு கிடையாது. பெரிதாகப் புடைத்து, கால் ஊன்ற முடியாமல் வலித்தால் மட்டும் குத்தலாம்: கையையும் இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடுங்கள். மேல்தோலை உரித்துவிடாதீர்கள். அது ஏற்கெனவே உரிந்து சிவப்பாகத் தெரிந்தால் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் சாதாரண பிளாஸ்டரை விட நல்லது. ஈரத்தை உறிஞ்சிக் காயத்தின் மேல் மெத்தை போல நிற்கும். அதைத் தினமும் பிரித்துப் பார்க்கக் கூடாது, தானாகக் கழன்று வரும்வரை விட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஊசியைத் தொடவே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். சீழ் வைத்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினாலோ அது எல்லோருக்கும் பொருந்தும்.

சாக்ஸ் மாற்றி, லேஸைச் சரிசெய்து, டேப்பும் ஒட்டிய பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், பழகினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஷூவுக்குள் கைவிட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், தையல் துருத்திக்கொண்டிருக்கலாம். நின்றபடி விரல்நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்.