சிந்தசைசர் பழக: பிரீசெட்டா, இனிட் பேட்ச்சா?

சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு மேடையேற பிரீசெட் (தயாராகச் சேமித்துவைத்த ஒலி) போதும்; ஒலியை மாற்றும் குமிழ்களைப் பழக இனிட் பேட்ச் (எல்லாம் அடிப்படை நிலையில் இருக்கும் வெற்று ஒலி)தான் சரி. பிரீசெட்டில் சேமித்த மதிப்பு ஓரிடம், குமிழ் நிற்பது வேறிடம். லேசாகத் தொட்டாலே ஒலி தாவிவிடும். (பிக்கப் மோடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; சேமித்த மதிப்பைக் குமிழ் கடக்கும்வரை எதுவும் மாறாது.) போதாக்குறைக்கு ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி விளைவுகள் எல்லாம் மாற்றத்தை மூடிவிடும்.

இனிட் பேட்ச் கேட்க வறட்சிதான்: பெரும்பாலும் ஒரே ஆசிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி), சா வேவ் (ரம்பப்பல் வடிவ அலை), முழுக்கத் திறந்த ஃபில்டர் (ஒலியை வடிகட்டும் பகுதி). கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) பாதிக்கு இறக்கி, ரெசனன்ஸை (அந்த இடத்தை எடுப்பாக்குவது) கொஞ்சம் ஏற்றி, ஃபில்டர் என்வலப்பின் (நேரம் போகப்போக ஃபில்டரை அசைப்பது) டிகேயை, அதாவது உச்சத்திலிருந்து இறங்கும் நேரத்தை, திருகுங்கள். ஒன்றுமே நடக்கவில்லையா? என்வலப் அமவுண்ட் (என்வலப் ஃபில்டரை எவ்வளவு அசைக்கும் என்ற அளவு) பூஜ்யத்தில் கிடக்கும், உயர்த்துங்கள். அப்போதும் அசையாவிட்டால் அதே என்வலப்பின் சஸ்டெயினை (டிகே இறங்கி நிற்கும் அளவு) பாருங்கள். அது உச்சத்தில் இருந்தால் என்வலப் இறங்க இடமே இல்லை, டிகே எவ்வளவு திருகினாலும் காதுக்கு எட்டாது.