ஐஸை வாசலில் நிறுத்துவதா, உள்ளே விடுவதா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டி எதை வைத்தாலும் உறைந்துவிடும். போன வாரம் ஒரு கட்டு கொத்தமல்லி அங்கே மாட்டிக்கொண்டது. எடுக்கும்போது விறைப்பாக, பச்சை மாறாமல், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேடையில் வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்து முடிப்பதற்குள் கரும்பச்சையாகித் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று கிடந்தது. குளிர் கொன்றது என்போம், ஆனால் உண்மையில் கொன்றது ஐஸ். செல்லுக்குள்ளே தண்ணீர் கட்டியாகும்போது படிகங்கள் வளர்ந்து சவ்வுகளைக் குத்திக் கிழித்துவிடுகின்றன, உருகியதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வழிந்துவிடுகிறது.

துருவப் பக்கத்து உயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கரடியின் ரோமத்துக்கும் பென்குயினின் கொழுப்புக்கும் போய்விடுகிறார்கள். அவை உள்ளே அடுப்பு எரித்துக்கொண்டு கம்பளி போர்த்தியிருக்கும் பணக்காரர்கள், விடுங்கள். அடுப்பே இல்லாத மீனும் தவளையும் மரமும் என்ன செய்கின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அவற்றுக்கு இருப்பது இரண்டே வழி. ஐஸ் உருவாகவே (உருவானால் வளரவே) விடாமல் தடுப்பது, அல்லது உருவாகட்டும் என்று விட்டுவிட்டு எங்கே உருவாக வேண்டும் என்பதைத் தான் முடிவு செய்வது.

முதல் வழியில் பேர் வாங்கியவை அன்டார்க்டிகாக் கடல் மீன்கள். உப்பு இருப்பதால் அந்தக் கடல் மைனஸ் 1.9 டிகிரி வரை உறையாமல் இருக்கும். சாதாரண மீனின் ரத்தமோ மைனஸ் 0.8 பக்கத்திலேயே உறைந்துவிடும். ஒரு டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும், அந்த ஒரு டிகிரியில்தான் சாவு இருக்கிறது, ஏனென்றால் தண்ணீரில் மிதக்கும் பொடி ஐஸ் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்பவர் மெக்மர்டோ சவுண்ட் என்ற இடத்தில் மீன் பிடித்து ஆராய்ந்து, அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்து உறைநிலையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, ஐஸ் படிகத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொண்டு அதை மேற்கொண்டு வளரவிடாமல் செய்கிறது.

கெட்டிக்கார வேலைதான், ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. படிகம் வளராதே தவிர, காணாமல் போய்விடுவதில்லை. அது மண்ணீரலில் போய்ச் சேர்கிறது. கோடையில் தண்ணீர் கொஞ்சம் சூடானால் கரைந்துவிடும் என்று பார்த்தால், அதே புரதம் உருகவும் விடாமல் தடுக்கிறது என்று 2014-இல் தெரியவந்தது. திருடனைப் பிடித்த காவலாளி அவனை வீட்டுக்குள்ளேயே குடிவைத்த கதை. போதாததற்கு, இந்த ஏற்பாடு மைனஸ் 2 சொச்சம் வரைக்கும்தான் தாங்கும். கடல் அதற்குக் கீழே போகாது என்ற தைரியத்தில் மீன் பிழைக்கிறது. அதையே நிலத்துக்குக் கொண்டுவந்து அலாஸ்காக் குளிரில் போட்டால் ஒரு ராத்திரி தாங்காது.

அந்த அலாஸ்காவிலேயே ஆர்க்டிக் தரை அணில் என்று ஒன்று இருக்கிறது. அடுப்பு உள்ள ஜாதிதான், ஆனாலும் குளிர்காலத்தில் ஏழெட்டு மாதம் அதை அணைத்துவிட்டு வளைக்குள் தூங்கும். 1989-இல் பிரையன் பார்ன்ஸ் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது அதன் உடம்பு மைனஸ் 2.9 வரை இறங்கியிருந்தது. ஐஸ் கிடையாது, மீனிடம் இருப்பது போன்ற புரதமும் ரத்தத்தில் கிடையாது. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போயும், முதல் படிகம் உட்கார ஓர் இடம் கிடைக்காததால் மட்டும் திரவமாக இருக்கிறது. எனக்கு இது கத்திமேல் நடப்பது போலத்தான் படுகிறது. அதோடு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பை நடுங்கவைத்து 36, 37 டிகிரிக்குச் சூடாக்கி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பங்கு இந்த எழுந்திருக்கும் செலவிலேயே போய்விடுகிறது.

அப்புறம் தவளை. வட அமெரிக்கக் காட்டுத்தவளை, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அதன் உறவுக்காரத் தவளைகள் சில குளிர்காலத்தை ஏரியின் அடியில் கழிக்கும், அங்கே தண்ணீர் உறையாது. இது அப்படி ஓடி ஒளிவதில்லை, காய்ந்த இலைக்குக் கீழே சும்மா உட்கார்ந்துகொள்ளும். வெளியே இருக்கும் ஐஸ் ஈரத்தோலில் பட்டதும் உறைவது தொடங்கும். அடுத்த சில நிமிடங்களில் கல்லீரல் தான் சேமித்ததையெல்லாம் சர்க்கரையாக உடைத்துக் கொட்ட ஆரம்பிக்கும், இதயம் நிற்பதற்குள் அதை உடம்பெங்கும் தள்ளிவிடும். நமக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 100 தாண்டினாலே முகம் மாறுகிறது, இந்தத் தவளைக்கு அதே கணக்கில் சில ஆயிரம் போகும். அந்தச் சர்க்கரை செல்லுக்குள் இருந்து காக்க, ஐஸ் முழுவதும் செல்லுக்கு வெளியே, தோலுக்கு அடியிலும் வயிற்றுக் குழியில் உறுப்புகளைச் சுற்றியும் கட்டும். உடம்புத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸாகிவிடும். கையில் எடுத்தால் கல், கண் வெள்ளை பூத்திருக்கும், மூச்சு இல்லை, நாடி இல்லை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊர்ப் பக்கத்தில் இயற்கையான இடத்திலேயே வைத்துக் கண்காணித்த தவளைகள் மைனஸ் 18 வரை போய், ஆறு ஏழு மாதம் உறைந்து கிடந்து, வசந்தத்தில் ஒன்று விடாமல் எழுந்தன. உருகும்போது முதலில் துடிப்பது இதயம்.

மீனையும் தவளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ராத்திரி பகல் பாராமல் ஐஸைக் காவல் காப்பது மீன், கதவைத் திறந்து "திண்ணையில் உட்கார், அறைக்குள் மட்டும் வராதே" என்று சொல்லிவிடுவது தவளை. அதிகக் குளிர் தாங்குவது திண்ணைக் கட்சிதான். லாபமும் உண்டு: நிலத்தின் மேற்பரப்பிலேயே இருப்பதால் பனி உருகியதும் முதல் ஆளாக விழித்து, மீன் இல்லாத தற்காலிகக் குட்டைகளில் முட்டையிட்டு முடித்துவிடும்.

இதே சண்டை மரங்களுக்குள்ளேயும் நடக்கிறது, எனக்கு அதுதான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஓக், மேப்பிள் போன்றவை தண்டுக் கட்டையின் செல்களில் தண்ணீரை உறையவிடாமல், அணில் செய்வதையே இன்னும் ஆழமாகச் செய்கின்றன. ஆனால் சுத்தமான தண்ணீரை மைனஸ் 40-ஐ ஒட்டிய குளிருக்குக் கீழே எவ்வளவு கெஞ்சினாலும் திரவமாக வைக்க முடியாது, படிகம் உட்கார இடமே இல்லாவிட்டாலும் தானாக உறையும். இப்படிப்பட்ட பல மரங்களின் வடக்கு எல்லை, குளிர் மைனஸ் 40-ஐத் தொடும் இடங்களை ஒட்டியே வருகிறது. அதைத் தாண்டி நிற்பவை பிர்ச், வில்லோ, லார்ச் எல்லாம். சைபீரியாவில் மைனஸ் 60-க்கும் கீழே போகும் இடங்களில் லார்ச் காடு காடாக நிற்கிறது. அவை தண்ணீரை செல்லிலிருந்து வெளியே வடியவிட்டு, சுவர்களுக்கு நடுவே உறையவிடுகின்றன. உள்ளே மிஞ்சுவது சர்க்கரைப்பாகு மாதிரி கெட்டியான கொஞ்சம். அதில் உறைய எதுவும் பாக்கி இருக்காது. 1960-இல் ஜப்பானின் அகிரா சகாய், குளிருக்குப் பழகிய குச்சிகளை முதலில் மெதுவாக உறையவைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி, அவை உயிரோடு மீண்டதை எழுதினார்.

ஆக, உறையவிடும் கட்சிதான் ஜெயித்தது என்று எழுதி முடித்திருப்பேன், ஒரு வண்டு கெடுத்துவிட்டது. அலாஸ்காவின் செந்நிறத் தட்டைப் பட்டை வண்டு. அதன் புழு ஐஸே கட்டாமல் மைனஸ் 100 வரை தாங்கியதாக 2010-இல் அறிக்கை வந்தது. எப்படியென்றால், குளிர்காலத்துக்குள் உடம்புத் தண்ணீரைப் பெருமளவு உலர்த்திவிடுகிறது; மீதி படிகமாகாமல் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. அதாவது எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு வில்லோவின் வேலையைச் செய்கிறது. அதனால் ஐஸ் உண்டா இல்லையா என்று நான் பிரித்ததே கொஞ்சம் தப்பு. செல்லுக்குள் எவ்வளவு தண்ணீரை மிச்சம் வைக்கிறாய் என்பதே அசல் கேள்வி. கடல் மீனும் மேப்பிளும் அதில் கை வைக்கவில்லை, அதனால்தான் அவற்றுக்கு ஒரு கோடு இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. நைட்ரஜனைத் தாங்குகிற வில்லோக் குச்சியை ஜூலையில் ஒடித்து வந்தால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே செத்துவிடும். பகல் குறைந்து, முதல் உறைபனிகள் லேசாகப் பட்டு, வாரக்கணக்கில் பழகினால்தான் அந்தத் தெம்பு வரும். நம் ஊட்டித் தேயிலைக்கு டிசம்பரில் பகலெல்லாம் நல்ல வெயில், விடியற்காலையில் திடீரென்று உறைபனி. பழக நேரமே இல்லை. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நின்றாலே கொழுந்து கருகிவிடுகிறது, விடியற்காலையிலேயே ஸ்பிரிங்க்ளர் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது.