கைமாறி வந்த ஹார்டி ரீல்

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள அன்னிக் நகரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம், 1936-இல் எல்.ஆர்.எச். லைட்வெயிட் என்ற ஃப்ளை ரீலை, அதாவது இறகால் கட்டிய செயற்கைப் பூச்சியை வீசி மீன்பிடிக்கும் தூண்டிலுக்கான நூல் சுற்றும் கருவியை, வெளியிட்டது. அதன் பிற்காலத் தயாரிப்பு ஒன்றைப் பழைய தூண்டில் சாமான் கடையொன்றில் வாங்கி, பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயரில் உள்ள மூன்றெழுத்தும் அந்தக் குடும்பத்து லாரன்ஸ் ராபர்ட் ஹார்டியைக் குறிக்கும். குறுக்களவு 3 3/16 அங்குலம். முந்தைய உரிமையாளரின் விரல் பட்டுப் பட்டு, கைப்பிடிப் பக்கத்து விளிம்பில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து அலுமினியம் பளிச்சிடுகிறது.

இதே நிறுவனத்தின் 1891-ஆம் ஆண்டுப் பெர்ஃபெக்ட் ரீலில் உள்ள பால் பேரிங்குகள் இதில் இல்லை. லைன் எனும் தூண்டில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் நேரடியாகத் தண்டில் அமர்ந்து சுழல்கிறது. நடுவிலுள்ள தாழ்ப்பாளை நகத்தால் தள்ளினால் ஸ்பூல் கழன்று வரும். உள்ளே ஒரு பல்சக்கரமும், அதன்மேல் விழும் சிறு நாக்கும், அதை அழுத்தும் வில்லும்தான் இருக்கின்றன. மீன் இழுக்கும்போது கேட்கும் 'கிர்ர்' ஓசை இவற்றிலிருந்தே எழுகிறது. ஸ்பூல் தறிகெட்டுச் சுழன்று லைன் சிக்கிக்கொள்ளாமல் காப்பதே இந்த அமைப்பின் வேலை. ஸ்பூல் சட்டத்துக்குள் அடங்கியிருப்பதால் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்த முடியாது. பெரிய மீனைத் தேடுபவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

நான் வாங்கிய கடைக்குள் நுழைந்தாலே கார்க்கும் வார்னிஷும், இறகுப் பெட்டிகளில் போட்ட அந்துருண்டையும் கலந்த வாசனை வரவேற்கும். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே ரீலைப் பிரித்து, அந்த நாக்கை ஒரு துணியில் வைத்து, "இதை நீங்களே மாட்டிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்" என்றார். மூன்றாவது முயற்சியில்தான் வில் தெறிக்காமல் உட்கார்ந்தது. தண்டுக்கு மெல்லிய எண்ணெய், நாக்குக்குக் கிரீஸ் என்று கற்றதும் அந்த மேசையருகில்தான்.

படத்தை மட்டும் நம்பிப் பின்னொரு முறை வேறொருவரிடம் இன்னொரு பழைய ரீலை வாங்கி ஏமாந்தேன். ஏதோ ஒரு தூண்டில் கோலில் பொருந்துவதற்காக, ரீலைக் கோலோடு இணைக்கும் அதன் அடிக்காலை யாரோ அரம் வைத்து ராவியிருந்தார்கள். என் கோலின் வளையங்களுக்குள் அது நிலைகொள்ளவே இல்லை. மேல்பூச்சின் கீறல்களைப் பெரிதுபடுத்த வேண்டாம். அடிக்காலையும், ஸ்பூலை ஆட்டினால் தண்டில் தளர்வு தெரிகிறதா என்பதையும், விளிம்பு நெளிந்து சட்டத்தில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே பழைய பட்டு லைன் இருந்தால் இழுத்துப் பார்த்தபின் நம்புங்கள். ஈரத்தோடு சுற்றி வைத்த பட்டு உளுத்துப்போயிருக்கும்.

சிற்றோடைகளில் 5 அல்லது 6 எண் (எடையைக் குறிக்கும் எண்) லைனுக்கு இந்த ரீலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். என்னுடையதில் இதுவரை எதையும் மாற்ற நேரவில்லை. ஆனாலும் ஒரு நாக்கையும் இரண்டு வில்களையும் தேடி வாங்கி ஒரு தகரச் சிமிழில் வைத்திருக்கிறேன்.