ஃபிஷ் ஷெல், கிட்டி டெர்மினல்: கொக்குக்கு எத்தனை கட்டம்?

அலுவலகத்தில் புது லேப்டாப் வாங்கிய தம்பி ஒருவர், "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற மாதிரியே எனக்கும் செட் பண்ணிக் கொடுங்க" என்றார். செய்துகொடுப்பது பெரிய வேலையில்லை. ஆனால் "நல்லா இருக்குமா?" என்று அடுத்துக் கேட்டார் பாருங்கள், அதற்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. சில வருடங்களாக லினக்ஸில் கிட்டி டெர்மினலுக்குள் ஃபிஷ் ஷெல்லைத்தான் ஓட்டுகிறேன். டெர்மினல் என்பது கட்டளைகளை அடிக்கும் விண்டோ, ஷெல் என்பது அதற்குள் அவற்றை வாங்கி ஓட்டும் நிரல். அதற்கு மேல் பாடம் எடுக்கவில்லை.

முதலில் ஃபிஷ். 2005 முதல் இருக்கிற பழைய ஆள்தான். சி++ மொழியில் இருந்ததை ரஸ்ட் மொழிக்கு மாற்றி எழுதி, 2025 பிப்ரவரியில் 4.0 பதிப்பாக வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய மாற்றம் நடந்தும் என் பக்கம் ஒன்றும் உடையவில்லை. கன்ட்ரோல்-சி அடித்தால் முன்பு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும், இப்போது வரியையே துடைத்துவிடுகிறது. எனக்குப் பட்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது சாம்பல் நிறத்தில் வரும் முன்மொழிவு. இரண்டு எழுத்து அடித்ததும், முன்பு அடித்த கட்டளையின் மிச்சத்தை மங்கலாகக் காட்டும். வலது அம்புக்குறியைத் தட்டினால் முழுதும் வந்துவிடும், ஆல்ட்டோடு சேர்த்துத் தட்டினால் ஒவ்வொரு சொல்லாக வரும். பார்ப்பதற்குச் சாதாரணம். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதில்லை. அந்தக் கட்டளையில் இருக்கும் கோப்பு இப்போது நிற்கிற இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறது. அதனால் போன மாதம் வேறொரு ஃபோல்டரில் அடித்தது இங்கே வந்து குறுக்கே நிற்காது. இல்லாத கட்டளையை அடித்தால் என்டர் தட்டும் முன்பே சிவப்பாகிவிடும், இருக்கிற பாதைக்கு அடிக்கோடு விழும். இதையெல்லாம் மற்ற ஷெல்களிலும் பிளக்கின் போட்டுக் கொண்டுவரலாம். இங்கே எதையும் போட வேண்டியதில்லை, நிறுவியதும் இருக்கிறது. அமைப்புகளை எழுதிவைக்கும் கன்ஃபிக் கோப்பை மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இதன் அருமை புரியாது. அவர்களுக்குச் செதுக்குவதுதான் சுகம், அதில் நான் தலையிடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான லினக்ஸில் இயல்பாக வரும் ஷெல் பாஷ், அதன் இலக்கணத்தை இது அப்படியே ஏற்காது. இணையத்திலிருந்து ஒட்டும் நீளமான இன்ஸ்டால் கட்டளையில் ஹியர்டாக் (பல வரி உரையைக் கட்டளையோடு சேர்த்தே கொடுக்கும் முறை) இருந்தால் கதை முடிந்தது, ஃபிஷ்ஷில் அது கிடையவே கிடையாது. ஒரு காலத்தில் இரண்டு கட்டளைகளை இணைக்கும் && குறி கூட இல்லை, 3.0 பதிப்பில்தான் வந்தது. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் வைக்க டாலரோடு அடைப்புக்குறி போடும் வழக்கம் 3.4 வரை காத்திருந்தது. இப்போது பெரும்பாலானவை ஓடுகின்றன. ஓடாதவற்றுக்கு பாஷ் என்று தட்டி உள்ளே போய் ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஸ்கிரிப்ட்டுகளை எப்போதும் பாஷில்தான் எழுதுகிறேன். லாகின் ஷெல்லையும், அதாவது கணினிக்குள் நுழைந்ததும் ஓடும் ஷெல்லையும், மாற்றாதீர்கள். கிட்டியின் கன்ஃபிக் கோப்பில் எந்த ஷெல் வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். லாகின் ஷெல் பாஷாகவே இருந்தால், அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருட்கள் தகராறு செய்யாது.

கிட்டியைப் பற்றிச் சுருக்கமாக. காலிபர் மின்னூல் மென்பொருளைத் தந்த கோவிட் கோயல் உருவாக்கியது. எழுத்துகளை வரைய கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்துகிறது, நிரல்கள் எழுதித் தள்ளும் லாக் ஆயிரக்கணக்கான வரி ஓடினாலும் திணறுவதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது வேகமில்லை. எந்த இடத்தில் பிராம்ப்ட் (கட்டளைக்காக ஷெல் காத்திருக்கும் வரி) இருக்கிறது, எங்கே வெளியீடு தொடங்குகிறது என்று ஷெல் இதனிடம் சொல்லிவிடுகிறது. அதனால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-இசட் தட்டினால் முந்தைய பிராம்ப்டுக்குத் தாவலாம். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜி தட்டினால் கடைசிக் கட்டளையின் வெளியீடு மட்டும் தனியாகத் திறக்கும். நிரலைத் தொகுக்கும் நீளமான பில்ட் ஒன்று பாதியில் செத்துப்போனால், பிழை எங்கே தொடங்கியது என்று மவுஸை உருட்டி உருட்டித் தேடிய காலம் போயே போய்விட்டது.

தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் பழைய சர்வர்களுக்குள் போனால் 'இந்த டெர்மினல் எனக்குத் தெரியாது' என்று அடம்பிடிக்கும். கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது, அந்தப் பெயர் சர்வரின் பட்டியலில் இருக்காது. இதற்கென்று கிட்டியிலேயே தனி எஸ்எஸ்எச் கட்டளை உண்டு, தேவையான விவரத்தை அதுவே அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். பழகிவிட்டால் தொந்தரவில்லை.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

வீட்டுக் கோப்புகளுக்கு நான் தமிழில்தான் பெயர் வைப்பேன். பட்டா, வில்லங்கச் சான்று, குடும்ப அட்டை, ஊர்த் திருவிழாப் படங்கள் எல்லாம் தமிழ்ப் பெயரோடுதான் இருக்கின்றன. கோப்பு மேலாளரில் அழகாகத் தெரியும். டெர்மினலில் பெயரை அடிக்கத் தொடங்கியதும் ஆரம்பிக்கும் கூத்து. கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறோரிடத்தில் விழும். இடது அம்புக்குறியால் நடுவில் போய் ஒரு எழுத்தைத் திருத்தினால், திரையில் மாறுவது பக்கத்து எழுத்து. கட்டளை உள்ளே சரியாகத்தான் இருக்கிறது, என்டர் தட்டினால் சரியாக ஓடவும் செய்யும். திரை மட்டும் பொய் சொல்கிறது. பெயர் மாற்றும்போதும் அழிக்கும்போதும் திரையை நம்ப முடியவில்லை என்றால் அப்புறம் எதை நம்புவது?

காரணம் பழையது. டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி, 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவியின் காலத்திலிருந்தே அப்படித்தான். வரிக்கு 80 கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ஆங்கிலத்துக்குச் சரி. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்று ஒதுக்கிவிட்டார்கள். தமிழ் இந்தக் கணக்கில் உட்காராது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. ஒரு எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று ஷெல் தனியாக எண்ணுகிறது, டெர்மினல் தனியாக எண்ணுகிறது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. ஒருவர் ஐந்து என்று நினைத்து இன்னொருவர் மூன்று என்று நினைத்தால், கர்சர் இடம் மாறி நிற்காமல் என்ன செய்யும்?

'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். ஃபிஷ்ஷில் நீளம் எண்ணும் ஸ்டிரிங் லெங்த் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஆறு வரும், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஆறு குறியீடு. கட்டம் எண்ணும் பழைய வழக்கப்படி பார்த்தால் ஐந்து. அந்த வழக்கத்தின் அழகு என்ன தெரியுமா? யூனிகோட் அட்டவணையில் இகரக் கொக்கி இடம் பிடிக்கும் குறி, ஈகாரக் கொக்கி இடம் பிடிக்காத குறி. ஆகவே 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம். கிளிக்கு நான்கு, கீரிக்கு மூன்று. குறில் நெடிலைவிட அகலம்! தொல்காப்பியர் கேட்டால் என்ன சொல்வாரோ.

ஃபிஷ்ஷில் இந்தத் தொல்லை பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு விசை தட்டலுக்கும் அது வரியைத் திரும்ப வரைகிறது, மேலே புகழ்ந்தேனே, அந்தச் சாம்பல் முன்மொழிவுக்காக. எண்ணிக்கை பிசகிய இடத்தில் அந்த மங்கலான எழுத்துகளின் மிச்சம் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். டேப் தட்டினால் வரும் பட்டியலிலும் பத்திகள் கோணல்மாணலாகும். அதாவது எனக்கு மிகவும் பிடித்த வசதிதான் எனக்கு மிகவும் பிடிக்காததையும் படம் போட்டுக் காட்டுகிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இது ஃபிஷ்ஷின் குற்றமும் இல்லை, கிட்டியின் குற்றமும் இல்லை. கிட்டிக்காரர் இதைத் தீர்க்கவே முயல்கிறார். 2025 மார்ச்சில் வந்த 0.40 பதிப்பில், இந்தச் சொல்லுக்கு இத்தனை கட்டம் என்று நிரலே டெர்மினலிடம் சொல்லிவிடுவதற்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்னும் சில டெர்மினல்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் குறிகளை எல்லாம் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணும் வழியில் போகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் டெர்மினல் மட்டும் திருந்தினால் போதாது, அதற்குள் ஓடும் ஒவ்வொரு நிரலும் அதே கணக்குக்கு வர வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், இந்த முனைப்பெல்லாம் பெரும்பாலும் ஈமோஜியை ஒட்டி வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பப் பொம்மை ஒரே எழுத்தா, ஏழு எழுத்தா என்று வாதாடினார்கள். தமிழ் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இருக்கிறது, ஈமோஜி வந்தது 2010-இல். பிந்தி வந்த பொம்மைக்குப் பந்தியில் இடம் போட்டார்கள், அதன் பக்கத்தில் நாமும் ஒட்டி உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதுவரை நான் செய்வது இதுதான். தமிழ்ப் பெயர் வரும் கட்டளையை பிராம்ப்டில் திருத்துவதே இல்லை. ஆல்ட்-ஈ தட்டினால் ஃபிஷ் அந்த வரியை எடிட்டரில் திறந்துகொடுக்கும். எடிட்டராக டெர்மினலுக்கு வெளியே தனி விண்டோவில் ஓடும் ஒன்றை வைத்திருக்கிறேன். அங்கே தமிழ் தமிழாகத் தெரியும், திருத்திச் சேமித்து மூடினால் பிராம்ப்டுக்கு வந்துவிடும். அருமையான வசதி. ஆனால் ஒரு 'கொ'வை 'கோ' ஆக்குவதற்கு இன்னொரு மென்பொருளைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதை யோசித்தால் மறுபடியும் எரிச்சல் வருகிறது. சமீபகாலமாகப் புதிய கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டேன். இதுதான் உண்மையில் கசக்கிறது.

டெர்மினலில் தமிழே அடிக்காதவர்கள் யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம், இதைவிட வசதியான ஜோடியை நான் பயன்படுத்தியதில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. மேலே எழுதிய பாராட்டையெல்லாம் கூட்டினால் நாலரைக்குக் குறையாது என்று எனக்கும் தெரிகிறது. திருவிழாப் படங்களுக்குப் பெயர் மாற்றிவிட்டு வந்த சூட்டில் போடும் மதிப்பெண் இது, மாற்றுவதாக இல்லை. பாஷுக்கே திரும்பிவிடுவேனா என்று கேட்டால், மாட்டேன். அங்கேயும் கிளிக்கு நான்கு கட்டம்தான்.