அடியில் புதுக் கறுப்புப் பூச்சு அடித்த கெப்பா? பணம் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

பழைய டபிள் கெப் (நாலு கதவும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப் வண்டி) தேடிக்கொண்டிருக்கும் நம்ம பக்கத்து ஆட்கள், முக்கியமாக வயல் செய்கிறவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிட்டு வாகனம் பார்க்கப் போங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு களுவாஞ்சிகுடியில், வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளிக்கு அப்பால். உரம், விதைநெல், அறுவடை மூட்டை என்று பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போய்வர சொந்தமாக ஒரு கெப் வேண்டும் என்பது பல வருட ஆசை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. 2023 புரட்டாதியில், பெரும்போக விதைப்புக்கு முன்னால், இனியும் பொறுத்தால் எட்டாது என்று பயந்து அவசரப்பட்டேன். தரகர் அந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஜப்பான் டீசல் வண்டி, 2001 மொடல். "கொழும்பில ஒரு டொக்டர் வச்சிருந்தது தம்பி, வயல் வரப்பே கண்டதில்ல" என்றார். எஞ்சின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. பெயின்ட் மினுங்கியது. நானும் குனிந்து அடியில் பார்த்தேன். முன்சில்லுக்குப் பக்கத்தில் சேசி, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், கறுப்பாக, வழுவழுவென்று இருந்தது. "புதுசா அண்டர்சீல் அடிச்சிருக்கு, உங்களுக்குத்தான் நல்லம்" என்றார். கறள் பிடிக்காமல் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் பூச்சைத்தான் அப்படிச் சொன்னார். நம்பினேன். லீசிங்குக்கு மதிப்பிட வந்தவர் எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் இரண்டையும் ஒத்துப்பார்த்தார், சுற்றிவர நாலு படம் எடுத்தார், போய்விட்டார். புகைப் பரிசோதனையிலும் பாஸ். அது எக்ஸோஸ்ட் புகையை மட்டும்தான் பார்க்கும். 62 இலட்சத்துக்குக் கை மாறியது.

மாசியில் அறுவடை. பன்னிரண்டு மூட்டை நெல் ஏற்றினேன், ஒரு டொன்கூட வராது. மண் ரோட்டில் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். கெபினுக்கும் பின்பெட்டிக்கும் இடையில் வழக்கமாக இரண்டு விரல் நுழையும். அன்று மேல்பக்கத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. பெட்டியின் விளிம்பு கெபினில் முட்டி, பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. கீழ்ப்பக்கம் விரிந்து கிடந்தது. வண்டி நடுவில் முறிய ஆரம்பித்திருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய் வந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மூட்டையை இறக்கி, மெதுவாக உருட்டிக்கொண்டு கல்முனைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போனேன். கராஜ் மெக்கானிக் குழிக்குள் இறங்கி, பின்சில்லுக்குச் சற்று முன்னால், ஸ்பிரிங் பிளேட் சேசியில் மாட்டும் இடத்தில் சுத்தியலால் தட்டினார். முன்னால் தட்டியபோது 'டிங்' என்று கேட்டது. இங்கே 'தொப்' என்றது. கறுப்புப் பூச்சை உளியால் கீறினார், தோல் உரிவதுபோல ஒரு முழ நீளத்துக்குக் கழன்று வந்தது. அதற்குக் கீழே பட்டி, ஓட்டை பள்ளம் நிரப்பப் பூசும் பசை. பட்டிக்குக் கீழே ஃபைபர் பாய். அதற்குக் கீழே இரும்பே இல்லை. ஓரத்தில் மிஞ்சியிருந்தது கறள், பப்படம் பொரிந்ததுபோல அடுக்கடுக்காக விழுந்தது. "தம்பி, உள்ளுக்கு இறங்குங்க. நீங்களே கைய விட்டுப் பாருங்க" என்றார். ஓட்டைக்குள் கைவிட்டேன். ஒரு பிடி ஈர மண் வந்தது, அதற்குள் மீன் செதில்.

அப்போதுதான் கதை விளங்கியது. அந்த வண்டி வருடக்கணக்கில் மீன் ஏற்றியிருக்கிறது. மீன் வைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பஞ்சு) பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் பின்பெட்டி வழியாகச் சேசியில்தான் இறங்கும். கெப்பின் சேசி பெரும்பாலும் உள்ளே வெற்றான இரும்புப் பெட்டி. தண்ணி வடிய ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டையில் மண் அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்பு அந்த ஈரத்தைக் காயவிடாது, கறளையும் பல மடங்கு வேகப்படுத்தும். உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருவதால், வெளியில் ஒரு பொட்டுத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். முன்பகுதி தப்பியதற்கும் காரணம் இருக்கிறது. எஞ்சின் ஒயில் கசிந்து கசிந்து அங்கே படிந்து இரும்பைக் காப்பாற்றும். தரகர் என்னை முன்சில்லுப் பக்கம் குனிய வைத்தது அதனால்தான்.

தரகருக்குக் கோல் எடுத்தேன். "நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றார். நான் கையெழுத்து வைத்த தாளில் 'உள்ள நிலையிலேயே பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருந்தது. பொலிஸிலும் அந்த வரியைத்தான் காட்டினார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் டொயோட்டா டக்கோமா கெப்களுக்கு இதே வியாதி வந்தது. அங்கே பனி உருக ரோட்டில் போடும் உப்புதான் காரணம். 2008இல் பழைய டக்கோமாக்களின் சேசிக்கு 15 வருட உத்தரவாதம் கொடுத்தார்கள். 2016இல் சுமார் 15 இலட்சம் வாகனங்களுக்கு, 3.4 பில்லியன் டொலர் வரை பெறுமதியான இணக்கத்துக்கு வந்தார்கள். ஓட்டை விழுந்த சேசியைக் கம்பனியே மாற்றிக் கொடுத்தது. இங்கே, தரகரிடம் பழைய வண்டி வாங்கிய எனக்கு யார் பொறுப்பு?

சேசியை மாற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். சேசி இலக்கம் அந்த இரும்பிலேதான் அடிக்கப்பட்டிருக்கிறது, வாகனப் புத்தகத்திலும் அதே இலக்கம். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வரை அலைய வேண்டும். கடைசியில் கெட்ட துண்டுகளை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு தெரியும் வரை போய், தடித்த தகடு வைத்து ஒட்டினோம். 4 இலட்சத்துக்கு மேல் போனது. லீசிங் காசும் மாதாமாதம் போகிறது. பாரம் ஏற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு காந்தம், ஒரு டோர்ச் கொண்டு போங்கள். வண்டியைச் சேர்விஸ் ஸ்டேஷனில் உயர்த்தச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் திரும்பி வாருங்கள். பின்சில்லுக்கு முன்னாலும் பின்னாலும், ஸ்பெயார் சில்லுக்கு மேலும் தட்டிப் பாருங்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது. வடிகால் ஓட்டைக்குள் டோர்ச் அடியுங்கள். ஏற்கனவே கெப் வைத்திருப்பவர்கள் கடற்கரைக்கோ வெள்ளத்துக்கோ போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணி வேண்டாம். கறளுக்கு மேலேயே அண்டர்சீல் அடிக்காதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலை அது.

போன கிழமை அதே தரகர் களுவாஞ்சிகுடியில் வேறொரு வெள்ளை டபிள் கெப்பைக் காட்டிக்கொண்டு நின்றார். வாங்க வந்திருந்தது நாற்பதாம் கொலனிப் பெடியன் ஒருவன். நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அடியில் கறுப்பு, இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. அந்த விரலைப் பெடியனிடம் காட்டினேன்.